அண்ணி துடைத்த சுவர்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் யார் காரணம் என்று தேடும் வேலை கிடையாது. அண்ணி இருந்தாள். பால் திரிந்தாலும், பிரியாணி தம்மில் இருக்கும்போது பார்த்துக் கேஸ் தீர்ந்துபோனாலும், நாங்கள் ஒருவரை ஒருவர் முறைக்கத் தொடங்குவதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும்.

"என்னாலதான் இருக்கும்."

ஒரு சாயங்காலம் கரண்ட் போனபோதும் இதையே சொன்னாள். கரண்ட் எப்படி உன்னால் போகும் அண்ணி என்று கேட்டேன். "அயர்ன் பாக்ஸ் போட்டேன் இல்ல, அதான்" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஆம்பூரே இருட்டிக் கிடந்தது. ஓர் அயர்ன் பாக்ஸுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் நாடு எப்போதோ முன்னேறியிருக்கும்.

அவள் பேரணாம்பட்டுப் பெண். அவளுடைய அம்மா பீடி சுற்றியவர். சுற்றிய கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏஜெண்டு அதில் பாதியைக் கழித்துப் போடுவானாம். வீட்டுக்கு வந்ததும் யார் சரியாகச் சுற்றவில்லை என்று அக்கா தங்கைகளுக்குள் பெரிய ரகளை நடக்கும். சமைத்த சோற்றை யாரும் தொட மாட்டார்கள். அண்ணிதான் கடைசிப் பெண். பசி தாங்காது. "நான்தான்னு ஒருத்தி சொல்லிட்டா அதோட முடிஞ்சிடும் இல்ல பாப்பா, எல்லாரும் சாப்ட உக்காந்துடுவாங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். சின்ன வயதில் சோற்றுக்காகப் பழகியது, கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. எங்கள் வீட்டிலும் அவள் சொன்னவுடன் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அதுதான் இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எனக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. காலையில் ரயில் பிடித்துப் போய், வார்டில் நின்று நின்று கால் வீங்கி, திரும்பவும் ரயிலில் வருவேன். வீட்டுக்குள் நுழையும்போது யார் என்ன சண்டை போட்டாலும் காதில் விழாத அளவுக்கு அசதி இருக்கும். அப்படிப்பட்ட எனக்கே அந்த முன்னறைச் சுவரைப் பற்றிப் பேசிப் பேசிச் சலித்துப்போயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னறையின் மேற்குச் சுவர் அது. தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை ஈரம். கோடு கிழித்தாற்போல அதற்கு மேலே ஒன்றும் இருக்காது, பெயிண்ட் புதிதாக மின்னும். கீழே கொப்புளம் கொப்புளமாக ஊதி, உரிந்து, தரையில் கொட்டும். வெயில் காலத்தில் ஈரம் போய் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் அச்சு விழுந்துவிடும். கிறிஸ்துமஸ் மாதத்தில் கேரல் ரவுண்டு வரும் பையன்கள் கேக் தின்றுவிட்டு எழுந்தால், எங்கள் வீட்டு முத்திரையை முதுகில் சுமந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் பாடப் போவார்கள்.

அந்த அறை அப்பா காலத்தில் வேறு மாதிரி இருந்தது. அப்பா ஆட்டுத்தோல் வியாபாரம் செய்தார். கறிக்கடைகளில் தோல் வாங்கி, உப்புத் தடவி, அந்தச் சுவரோரம் அடுக்கி வைத்து, வண்டி நிறைய சேர்ந்ததும் மண்டிக்கு ஏற்றி அனுப்புவார். எனக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததும் அம்மா ஒரே பிடியாக நின்று அதை நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேச வேண்டும், வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக் கூடாது என்றாள். அறையைக் கழுவி, பழைய பூச்சின் மேலேயே சிமெண்ட் பூசி, இளம்பச்சை பெயிண்ட் அடித்து, சோபா வாங்கிப் போட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் தோல் என்ற வார்த்தையையே யாரும் பேசக் கூடாது. அண்ணனே ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசர், ஆனால் கேட்டால் "எக்ஸ்போர்ட்டில் இருக்கான்" என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. புதுப்பெண்ணுக்கென்று அந்த மேற்குச் சுவருக்குப் பின்னால் ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்தோம். கொஞ்ச நாளில் முன்னறையில் ஈரம் தெரிய ஆரம்பித்தது.

ஆகவே யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் வந்த பிறகுதான் சுவர் நனைந்தது.

அவள் வந்த பிறகு வேறு சிலவும் நடந்தன. கல்யாணமான வருடத்திலேயே அப்பா போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில் படுத்திருந்தவர் குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார். அண்ணி போய் வைத்துக் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. சவப்பெட்டி வைத்திருந்த அந்த முன்னறையிலேயே, அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், "என்னாலதான் அத்த, சீக்கிரம் கொண்டாந்திருக்கணும்" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். வெந்நீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அப்போதே ஆஸ்பத்திரியில் இருந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அண்ணியும் அம்மாவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளுக்கு இரண்டு முறை நாள் தள்ளி, இரண்டு முறையும் தங்காமல் போயிற்று. மாடிப்படி ஏறினேன், அதனால்தான் என்றாள். ஆர்டர் குறைந்து கம்பெனி ஆட்களைக் கழித்தபோது அண்ணன் சில மாதம் வீட்டில் இருந்தான். காலையில் சோறு கட்டத் தாமதமாகி அவன் அடிக்கடி லேட்டாகப் போனான், அதனால்தான் அவனைக் கழித்தார்கள் என்றாள். கம்பெனியில் ஒரு லைனையே மூடியிருந்தார்கள். இவள் கட்டிய டிபன் பாக்ஸ் ஒரு லைனையே மூடிவிட்டதாக அவள் கணக்கு. அண்ணனும் அதை மறுக்கவில்லை. வேலை போனவனுக்கு ஒரு காரணம் கையில் இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும் போலிருக்கிறது.

அந்தச் சுவரை அவள் தினம் துடைத்தாள். அண்ணன் வேலைக்குப் போனதும் பழைய துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக, குழந்தைக்கு உடம்பு துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைப்பாள். மறுபடி மத்தியானம். அப்படித் துடைத்ததால்தான் அந்தச் சுவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியவில்லை.

முதலில் ஒரு மேஸ்திரி வந்தார். மொட்டைமாடி என்றார். மாடியைக் கழுவி வாட்டர் ப்ரூஃப் அடித்தார்கள். "நான்தான் மொளகா காய வெக்கறன்னு மேல தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுனேன்" என்றாள் அண்ணி. மாடியில் இருந்து இறங்கும் தண்ணீர் மேல்சுவரை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் எப்படி நனைக்கும் என்று மேஸ்திரியை யாரும் கேட்கவில்லை. அடுத்து ஒரு பிளம்பர். சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

"பின்னாடி இன்னா இருக்குது?"

"பாத்ரூம்."

"அப்ப அதான்."

பரிசோதனை முடிந்தது. வயிற்றுவலி என்று வந்தவனிடம் வயிறு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு ஆபரேஷனுக்கு எழுதுவதுபோல. போகிறபோக்கில், "முன்ன இந்த எடத்துல இன்னா இருந்துச்சு மா?" என்று அம்மாவை ஒரு கேள்வி கேட்டார். "வீடுதான்" என்றாள் அம்மா. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் போனாலும் தோலும் உப்பும்தான். அதைப் போய் யார் தனியாக நினைக்கிறார்கள்?

அண்ணன் பாத்ரூம் தரையைப் பெயர்த்தான். பைப்பை மாற்றி, டைல்ஸ் போட்டான். சுவர் காய்கிற வரைக்கும் அதில் யாரும் குளிக்க வேண்டாம், காய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றான். காலிப் பெயிண்ட் டப்பாக்களை அதற்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினான்.

சுவர் காயவில்லை. ஆகவே அந்த உத்தரவும் முடியவில்லை.

சமையலறைக்குப் பின்னால் எங்களுக்குப் பழைய பாத்ரூம் ஒன்று இருந்தது. அம்மா, நான், அண்ணன் மூவரும் அதில்தான் குளித்தோம். அண்ணி மட்டும் போக மாட்டாள். கொல்லையில் போர் மோட்டாருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து மாடியில் ஆள் எழுவதற்கு முன்னால் குளித்துவிட்டு வருவாள். மார்கழிக் குளிரிலும் அங்கேதான். ஒருநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது.

"இன்னா அண்ணி இது, அம்மா பாத்ரூம்ல குளிச்சா இன்னா?"

"வேணாம் பாப்பா. அந்தச் செவுரும் என்னால நனைஞ்சிட்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணனிடம் கத்தினேன். "நானா கொல்லைக்குப் போவச் சொன்னேன்? அவளாதான் போறா" என்றான். பொய் இல்லை. அவளாகத்தான் போனாள். அம்மாவும் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை என்றாள். அதுவும் பொய் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் உண்மையையே பேசினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி தானாகவே பேசினாள். அது அபூர்வம்.

"அத்த, ஒண்ணு பாத்தேன். செவுரு மழைக்கு அப்பறம் நனையல. மழைக்கு முந்திதான் நனையுது. மானம் மூடி, புழுக்கமா இருக்குது பாருங்க, அன்னிக்குத்தான் தண்ணியா வடியுது. பாத்ரூம்ல யாரும் குளிக்கவே இல்ல, அப்பவும் வடியுது."

யாரோ ஒருவர் தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். அவளே அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "எனக்கு இன்னா தெரியும். முன்ன நான் குளிக்கும்போது ஜாஸ்தி தண்ணி ஊத்தியிருப்பேன், அது இன்னும் உள்ளயே நிக்குதோ இன்னாவோ."

அண்ணன் காதில் கடைசி வரி மட்டும் விழுந்தது. "அதான் நானும் சொல்றேன்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அதற்குப் பிறகு சுவருக்கு எத்தனையோ முறை பெயிண்ட் மாறிற்று. ஒருமுறை கீழ்ப்பாதிக்கு டைல்ஸ் ஒட்டிப் பார்த்தோம், டைல்ஸே ஊதிக் கழன்றது, பெயர்த்துவிட்டோம். எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஆனால் சுவருக்கும் அலுக்கவில்லை, அண்ணிக்கும் அலுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பற்றி நினைத்தது மட்டும் சரி.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், வானம் மூடிக் காற்றே இல்லாத ஒரு மத்தியானம், தோல் மண்டி பாய் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அப்பாவிடம் காலமெல்லாம் தோல் வாங்கியவர். பெரிய ஆள், கார் வாசலில் நின்றது. உட்காரப்போன நாற்காலி சுவரோரம் இருந்தது. அம்மா பதறிப்போய், "அங்க வேணாம் பாய், வெள்ளச் சட்ட பாழாய்டும்" என்றாள்.

பாய் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் ஒரு சுரண்டு சுரண்டி, கொஞ்சமும் கூச்சமில்லாமல் நாக்கில் வைத்தார். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"அரே, உப்பு" என்றார். "உங்க வீட்டுக்காரர் போட்ட உப்பு மா இது! இன்னும் வேல செய்யுது பாரு."

"எந்தக் காலத்து உப்பு பாய்? எல்லாத்தையும் கழுவி, சிமெண்ட் பூசியாச்சு."

"பூசினா போய்டுமா? உள்ள மாட்டிக்கும். செங்கல்லு குடிச்சி வெச்சிருக்கும் மா. காத்துல ஈரம் இருந்தா இழுக்கும். எங்க மண்டியில எல்லா செவுரும் இந்தக் கதிதான். மானம் மூடினா அழும், வெயிலு வந்தா பூக்கும்." சுவரை ஒட்டி நின்று கையை நெஞ்சுக்கு நேராக நீட்டினார். "இதுவரைக்கும்தானே தோலு அடுக்குவாரு? ஈரமும் இதுவரைக்கும்தானே?"

கைக்கு நேராகச் சரியாக அந்தக் கோடு ஓடியது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். எத்தனை வருடமாகப் பார்த்த கோடு.

"மழ வர்றதுக்கு முந்தி ஜாஸ்தி ஆவுமா?" என்று பாய் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். எங்களுக்கு எப்படித் தெரியும்? டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற அண்ணி சொன்னாள்.

"ஆவும் பாய். மழைக்கு முந்திதான் ஆவும்."

"அதான். பாத்ரூமும் இல்ல, பைப்பும் இல்ல. பூச்ச உரிச்சி எடுத்துட்டு, ரெண்டு மூணு மழைக்காலம் செங்கல்ல சும்மா உடுங்க. பூக்கற உப்ப காஞ்ச தொடப்பத்தால பெருக்கிக் கொட்டுங்க. ஈரத் துணி மட்டும் வெச்சிடாதீங்க, உப்பு கரைஞ்சி திரும்பவும் உள்ளயே போய்டும்."

அண்ணன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "பாத்தியா? டெய்லி ஈரத்துணிய போட்டுத் தேய்ச்சல்ல?"

அண்ணியின் வாய் திறந்தது. "என்னா—" என்று வந்தது. எல்லோரும் மீதியை எதிர்பார்த்தோம். அது பாதியிலேயே நின்றது.

பாய்க்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. "அந்தப் பொண்ணு இன்னாபா பண்ணும்? உப்பு கொட்னது உங்க அப்பா. அவரும் உங்கள வளக்கத்தான் கொட்னாரு" என்று சிரித்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். பத்திரிகையும் இனிப்பும் கொடுத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார்.

கார் போனதும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தேவையில்லாம பாத்ரூம உடச்சி எவ்ளோ பேஜாரு! கடைசில பாத்தா நைனா வேல!" என்றான். அம்மாவும் சிரித்தாள். தோல் என்ற வார்த்தை அவ்வளவு வருடங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் வந்த கூச்சம் அதில் இருந்தது. பெரிய பாரம் இறங்கினதுபோல நானும் சிரித்தேன். யார் மேலும் குற்றம் இல்லாமல் எல்லாம் முடிந்துபோயிற்று அல்லவா.

அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். சுவரிடம் போனாள். உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தாள். துடைக்கவில்லை, சும்மா வைத்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சண்டையும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், வழி கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லான்னா?" என்றான் அண்ணன், சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்க.

அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். அப்பாவின் பெட்டி இருந்த அன்று பார்த்த அதே பார்வை. அம்மா மடியில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தாள், மூடினாள், மறுபடி பிரித்தாள். உருது எழுத்தில் இருந்த பக்கத்தை வெகுநேரம் படித்தாள். அம்மாவுக்கு உருது தெரியாது.

அண்ணி உள்ளே போனாள். பின்னால் ரூம் கதவு திறந்தது. தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பாத்ரூம் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் நெடுநாள் கழித்துத் திறந்ததில் முதலில் இருமியது, அப்புறம் வாளியில் தண்ணீர் விழுந்தது.

முதல் சொம்பு. இரண்டாவது. நாங்கள் மூவரும் முன்னறையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு அந்தப் பக்கம் அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாளி நிறையும், காலியாகும், மறுபடி நிறையும். அவ்வளவு தண்ணீரை அவள் தன் மேல் ஊற்றிக்கொண்டு நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

டேங்க் காலியாகிவிடும் என்று சொல்லத்தான் அம்மா வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டாள்.